மொகடிஷுவிலிருந்து கிகாலிக்கு: "மக்கள் ஏற்கமாட்டார்கள்" என்று சொன்னவர்கள் மக்களைக் கேட்டார்களா?

கடலோடி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம்.

போரையும் வெளிநாட்டுத் தலையீட்டையும் பற்றி இங்கே நடக்கும் ஒவ்வொரு விவாதத்திலும் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடுகிறது. அரசுகளுக்கு மனம் இருந்தாலும், தங்கள் பிள்ளைகள் தொலைதூர நாட்டில் சாவதை அந்தந்த நாட்டு மக்கள் ஏற்கமாட்டார்கள், ஆகவே அரசுகளின் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பதே அந்த வாதம். அது மிகக் கொடிய விலையை வாங்கிய இடம், ஹூட்டு தீவிரவாதிகள் இலட்சக்கணக்கான டுட்ஸி மக்களைக் கொன்று குவித்த 1994-ஆம் ஆண்டின் ருவாண்டா. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ருவாண்டா விஷயத்தில் எந்த மக்களிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை. மக்கள் என்ன சொல்வார்கள் என்று ஆட்சியாளர்களே ஊகித்துக்கொண்டு, அந்த ஊகத்தையே காரணமாகக் காட்டிப் படையைத் திரும்பப் பெற்றார்கள்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் சோமாலியாவுக்குப் போக வேண்டும். 1991 ஜனவரியில் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்த பிறகு அந்த நாட்டை ஆயுதக் குழுக்கள் பங்கு போட்டுக்கொண்டன. 1992-இல் பைடோவா போன்ற ஊர்களிலிருந்து எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் மேற்கு நாடுகளின் வீடுகளுக்குள் தொலைக்காட்சி வழியே வந்து சேர்ந்தன. அந்த டிசம்பரில் அமெரிக்க அதிபர் மூத்த புஷ் படை அனுப்பியபோது அமெரிக்கர்களில் பெரும்பான்மையோர் அதை மனதார ஆதரித்தார்கள். டிசம்பர் 9 விடியும் முன் தலைநகர் மொகடிஷுவின் கடற்கரையில் ஊர்ந்து கரையேறிய அமெரிக்க வீரர்களை அங்கே எதிர்கொண்டது செய்தி நிறுவனங்களின் விளக்கு வெளிச்சம்தான். முகத்தில் கரி பூசி வந்தவர்களைச் செய்தியாளர்கள் சுற்றி நின்று படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து மாதத்தில் நிலைமை தலைகீழானது. 1993 ஜூன் 5 அன்று ஐ.நா. படையில் இருந்த பாகிஸ்தானிய வீரர்கள் 24 பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் பசி தீர்க்க வந்த பணி, முகமது ஃபாரா அய்தீத் என்ற ஒரு தலைவரைத் தேடும் வேட்டையாக மாறியது. அக்டோபர் 3, 4 தேதிகளில் மொகடிஷுவில் நடந்த சண்டையில் 18 அமெரிக்க வீரர்களும் நூற்றுக்கணக்கான சோமாலியர்களும் இறந்தார்கள். இறந்த அமெரிக்க வீரர் ஒருவரின் உடல் தெருவில் இழுத்துச் செல்லப்பட்ட படம் உலகெங்கும் போனது. சில நாட்களுக்குள், புஷ்ஷுக்குப் பின் அதிபரான கிளிண்டன், மார்ச் 31-க்குள் படை திரும்பிவிடும் என்று அறிவித்தார்.

அந்தச் சண்டை ஓய்ந்த மறுநாள், அக்டோபர் 5 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவை ருவாண்டாவுக்கு அமைதிகாப்புப் படை அனுப்பும் 872-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிறக்கும்போதே அந்தப் படையின் மேல் மொகடிஷுவின் நிழல் விழுந்துவிட்டது.

இதில் என்னை மிகவும் உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. 1994 ஜனவரி 11 அன்று அந்தப் படையின் தளபதி ரோமியோ தல்லேர் நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்கு அனுப்பிய தந்தியில், ஹூட்டு ஆயுதக் கும்பலின் உள்ளிருந்து தகவல் தந்த ஒருவர் சொன்னதாக ஒரு திட்டத்தைக் குறிப்பிடுகிறார்: பெல்ஜிய வீரர்கள் சிலரைக் கொன்றுவிட்டால் பெல்ஜியம் படையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். இனப்படுகொலை தொடங்கியதும், ஏப்ரல் 7 அன்று அதுவே நடந்தது. பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள், பெல்ஜியம் வெளியேறியது, ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு அவை, சுமார் 2,500 பேர் கொண்ட படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. கொலைகாரர்கள் மேற்கத்திய நாடுகளின் மக்கள் கருத்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கைச் சரியென்று நிரூபித்துக் கொடுத்தவர்கள் அந்நாடுகளின் ஆட்சியாளர்கள்.

நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

குறிஞ்சி

கடலோடி அவர்களே, பதிவு அருமை. ஆயினும் மக்களை இவ்வளவு எளிதாக விடுவித்துவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ஆந்தனி லேக், ஏப்ரல் மாதத்தில் தம்மைச் சந்திக்க வந்த மனித உரிமைச் செயற்பாட்டாளர்களிடம், மக்கள் கருத்தை மாற்றினால்தான் ஏதாவது நடக்கும், இன்னும் உரக்கக் குரல் எழுப்புங்கள் என்று சொன்னார். குரல் எழவில்லை. கொலராடோவைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் பட்ரீசியா ஷ்ரோடர், ருவாண்டாவின் மலைக் கொரில்லாக்களுக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டுத் தம்மை அணுகியவர்கள் இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார். கொரில்லாக்களுக்காகப் பேச ஓர் அமைப்பு இருந்தது. டுட்ஸி மக்களுக்காகத் தொகுதிதோறும் பேச யாரும் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்கக் குடிமகனுக்கு ருவாண்டா எங்கே இருக்கிறது என்பதே தெரியாது என்று சொல்லி நாம் கடந்துவிடலாமா? அறியாமல் இருப்பதும் ஒருவகைத் தேர்வுதான் என்பது என் எண்ணம்.

கடலோடி

குறிஞ்சி அம்மா, ஷ்ரோடர் சொன்னதை நானும் படித்திருக்கிறேன், வேதனையான செய்திதான். ஆனால் லேக்கின் சொற்களை வேறு விதமாகவும் பார்க்க வேண்டும். தினமும் உளவுத்துறை அறிக்கைகளைப் படிக்கும் ஒருவர், எந்த அறிக்கையும் கையில் இல்லாத குடிமக்களிடம், நீங்கள் முதலில் கத்துங்கள், பிறகு நான் அசைகிறேன் என்கிறார். அதே ஏப்ரலில் அவருடைய அரசு, நடப்பதை இனப்படுகொலை என்று பொதுவில் அழைக்காமல் இருக்க மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டது. அப்படி அறிவித்துவிட்டால் 1948-ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை காரணமாக ஏதாவது செய்தாக வேண்டிய நிலை வந்துவிடும் என்ற அச்சம் மே 1 தேதியிட்ட அவர்களுடைய உள்குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மக்களுக்குச் செய்தி போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டு, மக்கள் எழவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

இன்னொன்றும் சேர்க்கிறேன். மொகடிஷு படங்கள் வெளியான வாரத்தில் எடுத்த கருத்துக்கணிப்புகளில்கூட, அந்தச் சண்டையில் சிறைபிடிக்கப்பட்ட அமெரிக்க விமானி மைக்கேல் டூரண்டைப் பேச்சுவார்த்தையில் மீட்க முடியாவிட்டால் பெரிய இராணுவ நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றவர்கள்தாம் மிகுதி. பிணத்தைக் கண்டவுடன் மக்கள் ஓடிவிடுவார்கள் என்பது தலைநகரத்தில் உருவான நம்பிக்கை.

முன்னாள் படைவீரர்

இந்திய இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். படையணி எப்படி இயங்குகிறது என்ற கோணத்தில் சில விளக்கங்களைத் தர விரும்புகிறேன்.

ருவாண்டா படை, ஐ.நா. சாசனத்தின் ஆறாம் அத்தியாயத்தின் கீழ், அதாவது தரப்பினரின் சம்மதத்தோடு அமைதி காக்க மட்டும் அனுப்பப்பட்டது. ருவாண்டா அரசும் டுட்ஸி தலைமையிலான கிளர்ச்சியாளர்களும் கையெழுத்திட்ட அருஷா அமைதி ஒப்பந்தத்தை நிறைவேற்ற உதவுவதே அதன் வேலை. ஜனவரியில் தல்லேர் ஆயுதக் கிடங்குகளைச் சோதனையிட்டுக் கைப்பற்ற அனுமதி கேட்டபோது, அது உங்கள் ஆணைக்கு உட்பட்டதன்று என்று நியூயார்க் தடுத்துவிட்டது. அப்போது அமைதிகாப்புத் துறையின் தலைவராக இருந்தவர் பின்னாளில் பொதுச் செயலாளரான கோஃபி அன்னான். இன்னொரு சோமாலியா வேண்டாம் என்ற அச்சம் அந்தப் பதிலின் ஒவ்வொரு வரியிலும் இருந்தது. படையிடம் ஓடும் நிலையில் இருந்த கவச வாகனங்கள் மிகக் குறைவு. தோட்டா, மருந்து, எரிபொருள், குடிநீர் எல்லாமே பற்றாக்குறை. ஒரு தளபதியை இப்படி நிறுத்திவைத்துவிட்டு அவரால் என்ன செய்ய முடிந்தது என்று கேட்பது பாவம்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று: ஏப்ரல் 9 முதல் சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு, பெல்ஜிய, இத்தாலிய வீரர்கள் நல்ல ஆயுதங்களோடு தலைநகர் கிகாலியில் வந்து இறங்கினார்கள். அண்டை நாடான புருண்டியில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் தயாராக இருந்தார்கள். தங்கள் நாட்டவரை ஏற்றிக்கொண்டு போவது மட்டுமே அவர்களுக்கு இடப்பட்ட பணி. அந்த வீரர்களும் தம் படையும் ஒன்றாக நின்றிருந்தால் தலைநகரில் கொலைகளை அடக்கியிருக்கலாம் என்று தல்லேர் பிறகு திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு சிப்பாயாக நானும் அதை நம்புகிறேன். சாலைத் தடுப்புகளில் கத்தியும் குண்டாந்தடியும் வைத்துக்கொண்டு நின்ற குடித்துவிட்ட இளைஞர்கள், ஒழுங்குபட்ட படைக்கு முன்னால் நிலைக்கமாட்டார்கள்.

கிகாலியின் கிசுகிரோ தொழிற்பள்ளியில் நடந்ததை இளைய நண்பர்கள் அறிய வேண்டும். சலேசியப் பாதிரிமார்கள் நடத்திய அந்தப் பள்ளியில் சுமார் 90 பெல்ஜிய வீரர்களின் காவலில் ஏறத்தாழ 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். வேலிக்கு வெளியே கொலைக்கும்பல் காத்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 11 அன்று பிரெஞ்சு வீரர்கள் வந்து வெள்ளையர்களை அழைத்துச் சென்றார்கள். பின்னாலேயே பெல்ஜியர்களும் கிளம்பினார்கள். மக்கள் லாரிகளின் முன்னால் படுத்தார்கள். கத்திக்கு விட்டுப் போவதைவிட நீங்களே எங்களைச் சுட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். வீரர்கள் வானத்தை நோக்கிச் சுட்டு வழி ஏற்படுத்திக்கொண்டு போனார்கள். ஐ.நா. காவலில் இருந்த அமஹோரோ ஸ்டேடியத்துக்குப் போக முயன்ற அந்த மக்களை வழிமறித்து, நியான்ஸா மேட்டுக்கு ஓட்டிச் சென்று கொன்றார்கள். அந்த லாரிகளில் ஏறிய ஒவ்வொரு சிப்பாயும் அந்தக் காட்சியோடுதான் மீதி வாழ்க்கையை வாழ வேண்டும்.

வினா

ஐயா, இவ்வளவு நடந்தும் சோமாலியாவைப் போலப் படங்கள் ஏன் உடனே உலகைச் சென்றடையவில்லை?

கடலோடி

வெளிநாட்டவர் வெளியேறியபோது பத்திரிகையாளர்களில் பெரும்பாலோரும் வெளியேறிவிட்டார்கள். ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டிருந்த செய்தியாளர்கள் பலர், மண்டேலா வெற்றி பெற்ற தென்னாப்பிரிக்கத் தேர்தலுக்காக அங்கே கூடியிருந்தார்கள். வந்த செய்திகளும் பழங்குடிச் சண்டை, உள்நாட்டுப் போர், இரு தரப்பும் வெட்டிக்கொள்கின்றன என்ற தோரணையில் வந்தன. திட்டமிட்டு, பட்டியல் தயாரித்து, வானொலியில் பெயரும் முகவரியும் வாசித்து நடத்தப்பட்ட கொலை என்பது அந்தச் செய்திகளில் தெரியவே இல்லை. ககேரா ஆற்றில் மிதந்த பிணங்கள் விக்டோரியா ஏரியில் ஒதுங்கி, உகாண்டாவில் மக்கள் மீன் வாங்கத் தயங்கிய காலத்தில்தான் பலருக்கு நடப்பதன் அளவு உறைத்தது.

அதைவிடக் கொடுமை ஜூலையில் நடந்தது. டுட்ஸி தலைமையிலான ருவாண்டா தேசபக்த முன்னணி முன்னேறியதும், இலட்சக்கணக்கான ஹூட்டுக்கள் எல்லை தாண்டி ஜயரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகருக்கு ஓடினார்கள். அவர்களோடு கொலைகளை நடத்திய அதிகாரிகளும் படையினரும் ஆயுதங்களோடு கலந்து போனார்கள். கோமாவின் தரை எரிமலைப் பாறை. கழிப்பறைக்கும் தோண்ட முடியாது, புதைகுழிக்கும் தோண்ட முடியாது. கிவு ஏரித் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். காலராவும் வயிற்றுக்கடுப்பும் முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேரைக் கொண்டுபோயின. பாய்களில் சுற்றிச் சாலையோரம் வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களை அப்போது எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின. நன்கொடை குவிந்தது, அமெரிக்கா விமானங்களையும் நீர் சுத்திகரிப்புக் கருவிகளையும் அனுப்பியது.

அந்த உதவி தவறு என்று நான் சொல்லமாட்டேன். காலராவில் செத்த குழந்தை எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனால் முகாமில் உணவைப் பங்கிட்டவர்கள் பல இடங்களில் கொலைகளை நடத்திய அதே ஊர்த் தலைவர்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு, நாங்கள் கொலையாளிகளுக்குச் சோறு போட்டு வலுவூட்டுகிறோம் என்று சொல்லி அந்த ஆண்டு நவம்பரில் வெளியேறியது. மக்களின் இரக்கம் உண்மையானது. எங்கே, யாருக்கு, எந்தக் காரணத்தால் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

செங்காந்தள்

மேலே எழுதியவர்கள் அனைவரும் தலையீடு நடந்திருந்தால் நன்மை விளைந்திருக்கும் என்ற எண்ணத்தோடு பேசுகிறீர்கள். அதைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மொகடிஷுவில் 1993 ஜூலை 12 அன்று அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஒரு வீட்டின்மேல் ஏவுகணைகளைப் பொழிந்தன. உள்ளே அய்தீதின் குலத்தைச் சேர்ந்த பெரியவர்கள் கூடியிருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி 54 பேர் இறந்தார்கள். அதுவரை ஐ.நா.வை நல்லெண்ணத்தோடு பார்த்தவர்களும் எதிரிகளானது அன்றுதான். சோமாலிய மக்களின் கருத்து மாறியதை எந்தக் கருத்துக்கணிப்பும் கணக்கெடுக்கவில்லை. ருவாண்டாவிலேயே, ஜூன் 22 முதல் பிரான்ஸ் நடத்திய டர்குவாஸ் நடவடிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பிசெசெரோ மலையில் ஜூன் 27 அன்று பிரெஞ்சு வீரர்களைக் கண்டு மறைவிடத்திலிருந்து வெளியே வந்த டுட்ஸிகளை, மீண்டும் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய், மூன்று நாள் கழித்துத்தான் வந்தார்கள். இடையில் நூற்றுக்கணக்கானோர் வெட்டப்பட்டார்கள். லிபியாவில் 2011-இல் பெங்காசி மக்களைக் காப்பதற்காக என்று 1973-ஆம் தீர்மானத்தைப் பெற்று, ஆட்சியையே கவிழ்த்து, நாட்டை ஆயுதக் குழுக்களிடம் விட்டுவிட்டார்கள்.

வல்லரசின் படை வந்தால் வல்லரசின் கணக்கும் கூடவே வரும். எனவே போருக்குத் தயங்கும் மக்களின் மனம் பலவேளைகளில் ஆட்சியாளர்களின் அறிவைவிட நல்ல வழிகாட்டி.

கடலோடி

செங்காந்தள் அவர்களே, நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. லிபியா குறித்து எனக்கும் உங்கள் கருத்தே. அதனால்தான் ருவாண்டாவை நான் வேறு வரிசையில் வைக்கிறேன். அங்கே படை அனுப்புவதா வேண்டாமா என்பது பிரச்சினையே இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, சட்டப்படி வந்து, ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்த படையைக் கொலை தொடங்கிய பிறகு விலக்கிக்கொள்வதா என்பதுதான் அன்றைய கேள்வி. போருக்குத் தயங்கும் மக்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளியின் வாசலிலிருந்து லாரியைக் கிளப்பச் சொல்லியிருப்பார்கள்? இப்படி ஒரு கேள்வி இருந்ததையே அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

படையே தேவைப்படாத வழிகளும் மறுக்கப்பட்டன. கொலைக்கு ஆள் திரட்டிய வானொலியின் ஒலிபரப்பை முடக்க வேண்டும் என்ற யோசனைக்கு, அதற்கான விமானம் பறக்க மணிக்கு சுமார் 8,500 டாலர் ஆகும், பயனும் இராது என்று பென்டகன் மே மாதத்தில் பதில் எழுதியது. கொலைகளை நடத்திய அரசின் தூதர், ருவாண்டாவின் பிரதிநிதியாகப் பாதுகாப்பு அவையின் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். அவரை எழுந்து போகச் சொல்ல ஒரு டாலரும் ஆகியிருக்காது. அணிசாரா நாடுகளின் சார்பில் நைஜீரியா படையை வலுப்படுத்தக் கேட்டது, கேட்பார் இல்லை.

முன்னாள் படைவீரர்

இதற்கு ஒரு சான்று தருகிறேன். பாதுகாப்பு அவை 270 பேர் போதும் என்றபோதும் தல்லேரும் அவருடைய துணைத் தளபதி, கானாவைச் சேர்ந்த ஹென்றி அன்யிடோஹோவும் அதைவிடக் கூடுதலாக, நானூற்றைம்பது பேரளவில் வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் கானா வீரர்கள். கையில் ஏறத்தாழ ஒன்றும் இல்லாமல், அமஹோரோ ஸ்டேடியத்திலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கானோரைக் கடைசிவரை காத்தார்கள். செனகலைச் சேர்ந்த கேப்டன் எம்பாயே டியாங், ஆயுதம் இல்லாமலே சாலைத் தடுப்புகளில் பேசிச் சமாளித்து, தம் வண்டியில் சிலர் சிலராக ஏற்றி நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றினார். மே 31 அன்று பீரங்கிக் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். கானாவிலும் செனகலிலும் மக்கள் கருத்து இல்லையா என்ன? அவர்கள் பிள்ளைகளும் சாகத்தான் செய்தார்கள்.

யாழ்வாசி

இந்த விவாதத்தில் எங்கள் அனுபவத்தை இழுத்துவிடக் கூடாது என்றுதான் அமைதியாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஆயினும் கிசுகிரோ பள்ளியைப் பற்றி வாசித்த பின் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு அறிவித்ததும், ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். எங்களைச் சாட்சியில்லாமல் விட்டுப் போகாதீர்கள் என்று சனங்கள் அந்த வளாகத்தின் வாசலில் நின்று மன்றாடினார்கள். ருவாண்டா குறித்து ஐ.நா. நியமித்த கார்ல்சன் குழு 1999-இல் அறிக்கை தந்திருந்தது. அதைப் படித்த நிறுவனம்தான் ஒன்பது ஆண்டுகள் கழித்து இதைச் செய்தது. சேகரித்து வைத்திருந்த உயிரிழப்புக் கணக்கைக்கூட அது வெளியிடத் தயங்கியதை, 2012 நவம்பரில் வெளியான பெட்ரி குழுவின் உள்ளக அறிக்கை குறை கூறியது. கணக்கு வெளியாகியிருந்தால் உலகத்து மக்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது எங்களுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. கடலோடி அண்ணா சொல்வது இதைத்தான் என்று விளங்கிக்கொள்கிறேன்.

நிலவன்

நான் கல்லூரி மாணவன். இவற்றையெல்லாம் படித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம். சூடானில் 2023 ஏப்ரலிலிருந்து போர் நடக்கிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்திருக்கிறார்கள். அதைப் பற்றி என் வகுப்பில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும், சாதாரண மக்களின் கருத்தால் அங்கே என்ன செய்துவிட முடியும்?

கடலோடி

தம்பி, படை அனுப்பு என்று கோருவது ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். சூடானின் டார்ஃபூர் பகுதியில் உள்ள எல்-ஃபாஷர் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் 13 அன்று பாதுகாப்பு அவை 2736-ஆம் தீர்மானத்தில், அந்த நகரத்தின் முற்றுகையை நிறுத்துமாறு, சூடான் இராணுவத்தோடு போரிடும் துணை இராணுவமான துரித ஆதரவுப் படைக்கு ஆணையிட்டது. பதினான்கு நாடுகள் ஆதரித்தன, ரஷ்யா வாக்களிக்காமல் ஒதுங்கியது, எதிர்த்தவர் எவருமில்லை. அந்த ஆகஸ்டில் நகரத்தை ஒட்டிய ஸம்ஸம் முகாமில் பஞ்சம் நிலவுவதை நிபுணர் குழு உறுதி செய்தது. முற்றுகை தொடர்ந்தது. 2025 அக்டோபர் 26 அன்று நகரம் விழுந்தது. அதன்பின் நடந்த கொலைகளின் அடையாளங்கள் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தன.

இடைப்பட்ட பதினாறு மாதங்களில் அந்தப் பதினான்கு நாடுகளின் குடிமக்கள் தங்கள் அரசைக் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் மிக எளியவை. கை தூக்கிய தீர்மானத்தை நிறைவேற்ற என்ன செய்தீர்கள்? டார்ஃபூருக்கு 2004-லிருந்து ஆயுதத் தடை இருக்கும்போது அங்கே போகும் ஆயுதங்கள் எந்த நாட்டின் வழியாகப் போகின்றன, அந்த நாட்டோடு நம் வணிகம் எப்படி இருக்கிறது? பஞ்ச நிவாரணத்துக்குத் தருவதாகச் சொன்ன பணத்தில் எவ்வளவு கொடுத்தீர்கள்? இவற்றுக்குப் பதில் சொல்ல ஒரு சிப்பாயின் உயிரும் வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் தெரியாதவர்களுக்கு முதலில் எல்-ஃபாஷரைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தத் தீர்மானம் சில பக்கங்கள்தான். இங்கே தமிழில் பெயர்த்துப் போட முடியுமானால் நானும் சேர்ந்து செய்கிறேன்.